எதிரே இன்னொரு மைனர் வந்தால்: வீதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 எனப்படும் கண்டி வீதியில் நாவற்குழிப் பாலம் தாண்டி, சாவகச்சேரிப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே மொறிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயக் கார் ஒன்று வந்தால் எங்கள் காருக்குள் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும். எங்களுடையதும் மைனர்தான். அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். எதிரே வருபவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. ஆனால் அவரும் காலையில் பொனற்றைத் திறந்து தண்ணீர் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டிருப்பார், ஒரு சின்னச் சாமானுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியிருப்பார் என்பது தெரியும். கை தானாக உயர்ந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் நிலைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. புதிதாக மைனர் வாங்கி ஓட்டத் தொடங்கும் தம்பிமார் சிலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நான் செய்ததும் மற்றவர்கள் செய்யக் கண்டதுமான தவறுகளை அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலாவது, ஆளை மாற்றிப் பிடிப்பது. வட்ட முதுகோடு வரும் பழைய கார் எல்லாம் மைனர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கார்களும் உண்டு. தூரத்தில் ஒஸ்ரின் ஏ30 மைனர் போலவே தோன்றும். கிட்ட வந்தால் அது ஒடுக்கம்; அதனால் உயரமாய்த் தெரியும். மைனர் அகலமாய்த் தரையோடு பதிந்து வரும். அந்த அகலத்துக்கு ஒரு கதை உண்டு. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், தயாரிப்புத் தொடங்கும் தறுவாயில் கார் ஒடுக்கமாய் இருப்பதாக உணர்ந்து, மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாய் வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் கூட்டியதும் மனம் நிறைந்தது. அந்த 4 அங்குலத்தை இன்றும் காணலாம்: பொனற்றின் நடுவில் மூக்கு வரை ஓடும் தட்டையான பட்டை. எதிரே வரும் காரில் அந்தப் பட்டையைத் தேடுங்கள். கண் பழகினால் தொலைவிலேயே பிடிபடும்.

மொறிஸ் ஒக்ஸ்போட் இன்னொரு மயக்கம். 1948இல் மைனரோடு ஒன்றாக வெளிவந்த ஒக்ஸ்போட், மைனரைப் பெருப்பித்துச் செய்தது போல இருக்கும். மாறிக் கையசைத்துவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தவறு எதுவென்றால், மைனர் இல்லை என்று தெரிந்ததும் உயர்த்திய கையை இறக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புவது. ஏ30 காரரும் எங்களுக்கு உறவுக்காரர்தான். 1952இல் ஒஸ்ரின், மொறிஸ் இரண்டு நிறுவனங்களும் ஒன்று சேர்ந்த பிறகு, ஏ30இன் 803 சீசீ எஞ்சின்தானே மைனருக்கும் வந்தது.

சரி, மைனர் என்று உறுதியாகிவிட்டது. உடனே வருடத்தைச் சொல்லி வல்லமை காட்டுவது அடுத்த பிழை. முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது, ஒரே வளைந்த கண்ணாடி என்றால் மைனர் 1000, கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் சிக்னல் கை இருந்தால் 1961க்கு முந்தியது என்ற கணக்கு சரிதான். ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த காருக்கான கணக்கு. எங்கள் ஊர்க் கார் பல கை மாறி, பல கராச் கண்டது. கதவு ஒன்றிலிருந்தும் மட்காட் இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கும். இலக்கத் தகட்டில் சிலோன் என்ற சொல்லிலிருந்து எடுத்த ஆங்கில எழுத்துகள் இருந்தால் பழையது, ஸ்ரீ இருந்தால் 1950களின் கடைசிப் பகுதியோ அதற்குப் பிந்தியதோ என்று ஓரளவு ஊகிக்கலாம். மிச்சத்தை உரியவர் வாயால் கேளுங்கள். அவருக்கு அதைச் சொல்வதில் எவ்வளவு சந்தோஷம்!

முன் லைற்றை மின்னி வணக்கம் சொல்வதை அறவே விடுங்கள். எங்கள் வீதிகளில் லைற் மின்னினால் ‘நான் வாறன், நீ வராதே’ என்று அர்த்தம். முன்னுக்குப் பொலிஸ் நிற்கிறது என்றும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். எதிரே வருபவர் தடுமாறி பிறேக்கில் கால் வைத்தால், அவருக்குப் பின்னால் வருகிற வானுக்கு என்ன தெரியும்? ஸ்ரியறிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கை தெரியக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். ஹோர்ன் வேண்டுமானால் ஒரு சின்னத் தட்டல்.

இதைவிடப் பெரிய பிழையை நானே செய்திருக்கிறேன். பளைக்கும் இயக்கச்சிக்கும் இடையில் பச்சை நிற மைனர் ஒன்று கடந்து போனது. பிரிந்த முன்கண்ணாடி, அசல் கிறில். ஆசையில் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் ஓரம் கட்டப் போனேன். பின்னால் வந்த லொறி எங்களை உரசாமல் விலகி வீதி விளிம்பில் இறங்கித்தான் நின்றது. பின் சீற்றில் பிள்ளைகள். அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது. மைனருக்கு நாலு சில்லிலும் டிரம் பிறேக்தான். இன்றைய ஏ9 வேகத்துக்கு அது செய்த காரும் இல்லை. கண்ட இடத்தில் நிற்காதீர்கள், திருப்பித் துரத்தாதீர்கள். பண்ணையிலிருந்து தீவுப்பகுதிக்குப் போகும் கடல் வீதியிலும் ஆனையிறவிலும் காற்றும் காட்சியும் நன்றாயிருக்கும் என்று நிறுத்தத் தோன்றும். அங்கேயும் வீதியை விட்டு நன்றாக விலகிய இடம் கிடைத்தால் மட்டும் நிறுத்துங்கள்.

சந்திக்க விரும்பினால் சந்திக்கும் இடங்கள் தாமாக இருக்கின்றன. ஏ9இல் போகிறவர்களில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகிறவர் குறைவு. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வரும் நேரத்தில் பக்கத்தில் நிற்கும் காரை ஆறுதலாகப் பார்க்கலாம். குறிகட்டுவானும் நல்ல இடம். நயினாதீவுக்குப் போகிறவர்கள் காரைக் கரையில் விட்டுவிட்டுத்தான் படகேற வேண்டும். ஆள் இல்லாவிட்டால், உங்களிடமும் மைனர் இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி வைப்பரில் செருகிவிட்டு வரலாம். அனுமதி இல்லாமல் கதவைத் திறப்பதோ, பொனற்றில் பிள்ளைகளை இருத்திப் படம் எடுப்பதோ கூடாது. படம் எடுத்தாலும் இலக்கத் தகடு தெரிய ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

அப்புறம், பேச்சு. ஆளைக் கண்டதும் ‘என்ன விலைக்குத் தருவீங்கள்?’ என்று கேட்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அதேயளவு புண்படுத்தும் கேள்வி ‘எஞ்சின் ஒரிஜினலோ?’ என்பது. யாழ்ப்பாணத்துக் காரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா? 1990இல் சண்டை மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போனபோது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் புகை மண்டும். பிளக் கரி பிடிக்கும், வால்வு எரியும். அப்படியும் பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்கள்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாண நகரம் சேர்ந்த வலிகாமப் பகுதிச் சனம் முழுதும் பெயர்ந்தபோது, சில கார்கள் பாயும் பானையும் ஆச்சிமாரும் ஏற்றிக்கொண்டு கிழக்கே தென்மராட்சிக்கு ஊர்ந்தன. சில கார்கள் கொட்டிலிலேயே விடப்பட்டன. திரும்பி வந்தபோது கோது மட்டும் நின்றது. அந்தக் கோதுக்கு யப்பான் எஞ்சின் வைத்து மீட்டெடுத்தவரிடம் போய், ஒரிஜினலோ என்று கேட்பது எனக்குப் பொறுக்காத காரியம்.

‘எவ்வளவு காலமாய் வைச்சிருக்கிறீங்கள் ஐயா?’ என்று கேளுங்கள். அது போதும். சிலர் அரை மணித்தியாலம் சொல்வார்கள். சிலர் ‘அப்பான்ர கார்’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்துவார்கள். நிறுத்தினால் மேலே துருவ வேண்டாம்.

கேளாமல் புத்திமதி சொல்வதும் வேண்டாம். காபரேற்றர் இப்படிப் பூட்டக் கூடாது, இந்த நிறம் சரியில்லை என்றெல்லாம் முதல் சந்திப்பில் சொன்னால் இரண்டாம் சந்திப்பு இருக்காது.

மொழி தெரியாது என்று ஒதுங்கிப் போவதும் ஒரு பிழை. 2002இல் பாதை திறந்தபோதும், பின்னர் போர் முடிந்த பிறகும் தெற்கிலிருந்து குடும்பங்கள் பழைய கார்களில் வந்தன, இன்றும் வருகின்றன. நாலு வருடத்துக்கு முன் குறிகட்டுவானில் மாத்தறையிலிருந்து வந்த ஒருவரைச் சந்தித்தேன். சாம்பல் நிற மைனர், 1950களினது. அவருக்குத் தமிழ் வராது, என் சிங்களம் ‘கொஹொமத’ (எப்படிச் சுகம்) என்பதற்கு மேல் சில சொல்தான். ஆனால் பொனற்றைத் திறந்ததும் கிளச், பிளக், கேபிள், ரேடியேற்றர் எல்லாம் இருவருக்கும் ஒரே சொல். அவருடைய மனைவி எங்கள் பிள்ளைகளுக்குக் கித்துள் கருப்பட்டி தந்தார். நாங்கள் கொடிகாமத்தில் வாங்கிய மாம்பழத்தைக் கொடுத்தோம்.

அன்று நான் செய்யாமல் தப்பிய பிழையையும் சொல்ல வேண்டும். படகு புறப்படப் போகிறது என்று அவர்கள் ஓடும்போது, தொலைபேசி இலக்கம் வாங்காமல் கையை மட்டும் காட்டிவிட்டு நின்றிருப்பேன். மகள்தான் ஓடிப்போய் வாங்கி வந்தாள். இடப்பக்கச் சிக்னல் கை உடைந்துவிட்டது, எங்கும் கிடைக்கவில்லை என்று அவர் சைகையில் காட்டியிருந்தார். வீட்டில் அப்பாவின் பழைய பிஸ்கற் ரின்னில் ஒன்று கிடந்தது. துடைத்து, வயர் பார்த்து, கொழும்பு பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டேன். கொழும்பில் அவருடைய மருமகன் எடுத்துக்கொண்டார். மூன்று கிழமை கழித்து எங்களுக்கு ஒரு பார்சல் வந்தது. சிங்களப் பத்திரிகையில் சுற்றிய பின்கண்ணாடி றப்பர். எங்கள் கார் மழைக்கு ஒழுகுவதை அவர் அன்றைக்கே கவனித்திருக்கிறார். ஐப்பசி மழை தொடங்க முன்னம் பூட்டிவிட்டோம்.