குன்னூரில் வீடு தேடும் நம்மவருக்கு: 'ஒற்றி' என்று கேட்டுவிடாதீர்கள்

இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் குடிவருகிற நம்மவர்கள் முதலில் விசாரிப்பது குளிரைப் பற்றித்தான். இரண்டு கம்பளி வாங்கினால் அது முடிந்தது. விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், வந்திறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவை இணையத்திலேயே செய்துவிடுங்கள். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். கடையில் பிளாஸ்டிக் பை கேட்காதீர்கள். நான் சூடுபட்டது இவற்றில் எதிலும் இல்லை, ஒரு சொல்லில்.

ஒற்றி நமக்குப் புதிதா? 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையிலேயே, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்திலேயே, இருக்கிறது. பணம் கொடுத்தவர் காணியைத் தன் கையில் வைத்து விளைச்சலை எடுப்பார், அதுவே வட்டி. முதலைத் திருப்பினால் காணி திரும்பும். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் காணப்படும் பழஞ்சொல் இது. காற்று காத்தானது போல, தமிழ்நாட்டுப் பேச்சில் அது ஒத்தியாகிவிட்டது. யாழ்ப்பாணத்து நாக்கில் இன்னும் ஒற்றிதான். நான் அப்படிச் சொன்னதும் குன்னூர்த் தரகர் கேட்டார்: "எதை ஒட்டி வேண்டும் அண்ணா? பஸ் நிலையத்தை ஒட்டியா?"

விளக்கியபின், "அட, போக்கியமா!" என்றார். அனுபவிக்கத்தக்கது என்று பொருள்படும் வடசொல் அது. சிலர் லீஸ் என்றும் சொல்வார்கள். லட்சங்களில் ஒரு தொகை கொடுத்தால் வாடகை கிடையாது. காலிசெய்யும்போது பணம் திரும்பும். நம் ஒற்றியேதான் என்று மகிழ்ந்துபோனேன்.

ஊரில் நொத்தாரிசு, அதாவது நோட்டரி, காணி உறுதி எனும் பத்திரத்தை எழுதுவார். எழுதுமுன் காணிப் பதிவகத்தில் தேடியும் பார்ப்பார். இங்கே நோட்டரி அந்த வேலையெல்லாம் செய்வதில்லை. பத்திரம் பதிவாவது சார்பதிவாளர் அலுவலகத்தில். போக்கியம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி ஓர் அடமானம். தொகை 100 ரூபாயைத் தொட்டாலே இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்தாக வேண்டும். எனக்குக் கிடைத்ததோ 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம். அதில் நோட்டரியின் சிவப்பு முத்திரையைக் கண்டதும் நம் நொத்தாரிசையே கண்டதுபோல் மனம் குளிர்ந்து 6 லட்சத்தை எண்ணிக் கொடுத்தேன். படித்தவன்தான் நானும்.

எட்டாவது மாதம், ஜூலை மழையில், வங்கிக்காரர்கள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. தொங்கிய மூலையை மனைவி தூக்கிப் பிடிக்க, நான் வாசித்தேன். நாங்கள் குடிவருமுன்பே வீடு அடமானத்தில் இருந்திருக்கிறது. வில்லங்கம் என்றால் பேச்சில் வம்பு. பத்திரப் பதிவில் அது சொத்தின் மேல் பிறருக்குள்ள பிடி. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்திருந்தால் அந்த அடமானம் ஒரு வரியாக நின்றிருக்கும்.

இன்னொன்றையும் பிறகுதான் அறிந்தேன். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள், ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல், இங்கே அசையாச் சொத்தில் 5 ஆண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே எடுக்கலாம். போக்கியமோ குத்தகை அல்ல, அடமானம். ஆக, அதை ஒழுங்காகப் பதியப் போனாலும் நமக்குச் சிக்கல்தான். மாத வாடகைக்கே போங்கள். ஓராண்டுக்கு மேல் என்றால் குத்தகைப் பத்திரத்தைப் பதியுங்கள். தரகர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். 4 லட்சம் தந்துவிட்டார். மீதியைக் கேட்கப் போகும்போதெல்லாம் அவருடைய அம்மா பால் விடாத தேநீர் தருகிறார், அப்படியே நம்மூர் பிளேன்டீ. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது குரலை உயர்த்த எனக்கு வருவதில்லை. வீட்டுக்காரரும் ஒவ்வொரு முறையும் தோட்டத்தைப் பார்த்தபடி ஒன்றையே சொல்கிறார்: "பச்சைத் தேயிலைக்கு விலை ஏறட்டும், தம்பி."