மலைநாட்டுப் பனிமூட்டத்துக்கு: சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் மேலதிக விளக்குகள்

பின்நேரம் பனி இறங்கிய பிறகு நுவரெலியா வீதியில் இறம்பொடையிலிருந்து லபுக்கலைப் பக்கம் ஏறுகிறீர்கள் என்றால், ஹை பீம் போடுவதும் வெள்ளைச் சுவரில் டோர்ச் அடிப்பதும் ஒன்றுதான். துளிகளில் பட்ட வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். தூரம் பாயும் டிரைவிங் லைட்டும் இந்த வீதிகளில் வளைவுக்கு வளைவு பள்ளத்தின் மேலேதான் வெளிச்சம் காட்டும். முதலில் வாங்க வேண்டியது, அகலமாகவும் தாழ்வாகவும் ஒளி விழும் ஒரு சோடி ஃபொக் லைட் (பனி விளக்கு). விளக்கின் கண்ணாடியில் ‘B’ அல்லது ‘F3’ குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறியோடு வருவதில் ஒளியின் மேல்விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும். மலிவான எல்இடி பட்டைகளில் அது கிடையாது; எதிரே வரும் பஸ் சாரதியின் கண்ணைத்தான் அவை பறிக்கும். மஞ்சள் கண்ணாடி பனியைத் துளைக்கும் என்பது வெறும் பேச்சு. கூச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

விளக்கு ஹெட்லைட்டுக்குக் கீழே, ஆனால் தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கிரில்லுக்கு முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்குப் போகும் காற்று தடைப்படும். இரண்டாம் கியரில் நீண்ட ஏற்றம் ஏறும் காருக்கு அது ஆகாது. எம்.ஜி. மிட்ஜெட் போன்ற பழைய காரில் குரோம் பம்பரின் தகட்டைத் துளைக்காதீர்கள். தகடு அதிர்ந்தால் ஒளியும் ஆடும். பம்பரைத் தாங்கும் இரும்பின் போல்ட்டிலேயே 3 மி.மீ. தடிப்புள்ள பிராக்கெட்டைப் பிடியுங்கள். மஸ்டா எம்எக்ஸ்-5இல் வெளியே தெரிவது வெறும் பிளாஸ்டிக். பிராக்கெட் உள்ளே இருக்கும் உலோகத்தில் ஏற வேண்டும்.

வயர் வேலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 55 வாட் எச்3 பல்ப் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை ஹெட்லைட் சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் கருகும். 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச்) ஒன்று, 15 ஆம்பியர் பியூஸ் ஒன்று, பிரதான வழிக்கு 2.5 சதுர மி.மீ. வயர், ரிலேயின் சுருளுக்கு 0.75 வயர் போதும். மெல்லிய வயரையே பிரதான வழிக்கும் போட்டால் 3 மீற்றரில் ஏறக்குறைய 0.7 வோல்ட் போய்விடும். ஹலஜன் பல்ப்பில் வோல்ட் பத்தில் ஒன்று குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று போகும்.

முதலில் பற்றரியின் எர்த் வயரை, அதாவது கார் உடலோடு சேரும் வயரை, கழற்றுங்கள். பற்றரி பிளஸ்ஸிலிருந்து 15 செ.மீ.க்குள் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் முனை (எண்கள் ரிலேயிலேயே பொறித்திருக்கும்). 87இலிருந்து இரு விளக்குகளுக்கும். 85 எர்த்துக்கு. 86க்கு டாஷ்போர்ட் சுவிட்ச் வழியாக பார்க்கிங் லைட்டின் மின்சாரம். இப்படிச் செய்தால் ஹெட்லைட்டை அணைத்து இறங்கும்போது ஃபொக் லைட்டும் அணையும். எம்எக்ஸ்-5இன் முதல் இரு தலைமுறைகளில் பற்றரி காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில் இருப்பதால், எஞ்சின் அறையிலுள்ள பிரதான பியூஸ் பெட்டியிலிருந்து எடுங்கள். வயர் தகட்டைக் கடக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களில் உறை தேய்ந்து பியூஸ் போகும். இணைப்புகளை ஈயம் வைத்து ஒட்டுவதை விட கிரிம்ப் செய்வது (உலோக முனைக்குள் வயரை வைத்து நசுக்கிப் பிடிப்பது) மேல். அதிர்வில் ஈயத்தின் ஓரத்தில்தான் வயர் முறியும்.

பழைய மிட்ஜெட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. லூகாஸ் சி40 டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர்தான். ஹெட்லைட், பின்விளக்கு, இந்த இரண்டு 55 வாட், வைப்பர், இக்னிஷன் எல்லாம் கூடினால் அதைத் தாண்டும். ஐட்லிங்கில் டைனமோ ஏதும் தராது, நுவரெலியா ஏப்ரல் நெரிசலில் பற்றரி இறங்கிவிடும். 35 வாட் பல்ப் போடுங்கள். 1967க்கு முந்தைய மிட்ஜெட்டில் பற்றரியின் பிளஸ் முனைதான் கார் உடலோடு சேரும் எர்த்; ஹலஜனுக்கு அதில் பேதமில்லை, எல்இடி மட்டும் எரியாது, கெட்டும் போகலாம். அந்தக் காரில் பியூஸ் மைனஸ் பக்கம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு விளக்கு மங்கலாக எரிந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்: பெயின்டைச் சுரண்டி, கிரீஸ் பூசி, மீண்டும் இறுக்குங்கள். ரிலே டக்டக்கென்று அடித்தால் சுருளுக்கு வோல்ட் போதவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் தங்கினால் கீழேயிருக்கும் வடிதுளை அடைபட்டிருக்கும், அல்லது விளக்கு தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும். பல்ப்பை வெறும் விரலால் தொட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கே அதன் ஆயுளைக் குறைக்கும்.

ஒளியைச் சரிபார்க்க மட்டமான நிலம் வேண்டும். மலையில் அதுவே பெரிய தேடல்தான். தேயிலைத் தொழிற்சாலை முற்றமோ பாடசாலை மைதானமோ கிடைத்தால் நல்லது. டயர் காற்றைச் சரிபார்த்து, சாரதி இருக்கையில் ஒருவரை உட்காரவையுங்கள். இவ்வளவு இலேசான காரில் ஓர் ஆளின் எடையே ஒளியைத் தூக்கிவிடும். சுவரிலிருந்து 7.5 மீற்றர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் குறியுங்கள். மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 10 செ.மீ. கீழே விழ வேண்டும். இடது விளக்கைச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள்; பனியில் வழி காட்டுவது இடது ஓரக் கோடும் கானும்தான். ஒரு வாரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி இறுக்கி, சுவரில் மறுபடியும் பாருங்கள்.