மூளை அனியூரிசம்: எந்த ஸ்கேன், எப்போது?

மூளையின் ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் போலப் புடைத்து வீங்குவதுதான் அனியூரிசம்; அது வெடித்தால் ரத்தம் கசியும். வாழ்நாளில் இப்படி வலித்ததே இல்லை என்னும்படி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி வந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். அங்கே முதலில் எடுப்பது சாய மருந்து ஏற்றாத சாதாரண சிடி. அது தேடுவது ரத்தக்குழாய் வீக்கத்தை அல்ல, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதைத்தான். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் கசிவு அநேகமாகத் தப்பாது. நேரம் போகப் போகத் தடயம் மங்கிவிடும், அதனால்தான் தாமதமாக வருகிறவர்களுக்கு சிடி நன்றாக இருந்தாலும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கசிவு இருந்தால் அடுத்தது சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களையே காட்டும் சிடி. கையில் அயோடின் சாயத்தை ஏற்றி சில நொடிகளில் படம் எடுத்துவிடலாம். 3 மி.மீ.க்கு மேற்பட்ட வீக்கங்களை நன்றாகவே பிடிக்கும், மண்டையோட்டின் அடிப்பக்க எலும்பை ஒட்டியிருப்பவைதான் சில சமயம் ஏமாற்றும். சிறுநீரகக் கோளாறோ அயோடின் ஒவ்வாமையோ இருந்தால், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால், முன்பே சொல்லிவிடுங்கள்.

அவசரமில்லை, குடும்பத்தில் இரண்டு பேருக்கு அனியூரிசம் இருந்ததால் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றால் என் ஓட்டு எம்ஆர்ஐ இயந்திரத்தில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோவுக்கு. கதிர்வீச்சு இல்லை, பெரும்பாலும் சாயமும் வேண்டாம், ஓடுகிற ரத்தமே படத்தில் பளிச்சென்று தெரியும். அரைமணி நேரம் அசையாமல் படுத்திருக்கவேண்டும், அதுதான் தொல்லை. காந்த வலிமை 1.5 டெஸ்லா உள்ள இயந்திரத்தைவிட 3 டெஸ்லா இயந்திரம் சிறியவற்றை நன்றாகக் காட்டும். அப்புறம், சிறு கிளைக்குழாய் பிரியும் இடம் சிலருக்கு இயல்பாகவே புனல் மாதிரி அகன்றிருக்கும், அதையும் 'வீக்கமாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவதுண்டு. 2 மி.மீ. என்று பார்த்ததும் தூக்கத்தைத் தொலைக்காமல், நரம்பியல் கதிரியக்க நிபுணர் ஒருவரிடம் படத்தையே காட்டுங்கள்.

இதிலெல்லாம் தெளிவு கிடைக்காவிட்டால் டிஎஸ்ஏ. 1927-இல் லிஸ்பனில் போர்ச்சுகீசிய நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த முறையின் இன்றைய வடிவம் இது: தொடையிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு மூளைக்குழாய்களில் நேரடியாகச் சாயம் செலுத்துவார்கள். துல்லியத்தில் இதை மிஞ்ச இன்னும் எதுவும் இல்லை, தேவைப்பட்டால் வீக்கத்தை அடைக்கும் மெல்லிய உலோகச் சுருளையும் (காயில்) அப்போதே வைத்துவிடலாம். ஆனால் குறைந்த அளவில் பக்கவாத ஆபத்து உண்டு, அதனால் 'எதற்கும் பார்த்துவிடுவோமே' என்று எடுக்கிற சோதனை இல்லை இது.

சிகிச்சைக்குப் பிறகு கணக்கு மாறும். காயில் வைத்தவர்களை எம்ஆர் ஆஞ்சியோவில் தொடர்ந்து பார்ப்பார்கள், ஏனென்றால் சிடியில் அந்த உலோகம் படத்தையே கெடுத்துவிடும். அறுவை சிகிச்சை செய்து வீக்கத்தின் கழுத்தில் உலோகக் கிளிப் போட்டவர்களுக்கு சிடி ஆஞ்சியோ அல்லது டிஎஸ்ஏ. பழைய கிளிப்புகளில் சில காந்தத்தால் நகரக்கூடியவை, எனவே கிளிப்பின் மாடல் எழுதிய அட்டையைக் காட்டாமல் எம்ஆர்ஐ அறைக்குள் காலெடுத்து வைக்காதீர்கள்.