எதிர்ச்சொற்களை வைத்து ஒரு தத்துவ பாட்காஸ்ட்: வீட்டிலேயே முதல் எபிசோடை முடிக்கும் வழி

நானும் என் மாமாவும் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து தமிழில் ஒரு தத்துவ பாட்காஸ்ட் செய்து வருகிறோம். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஓர் எதிர்ச்சொல் ஜோடி: காய், பழம். உள்ளே, வெளியே. கருப்பு, வெள்ளை. சொந்த ஊர், வந்த ஊர். ஜோடியை எடுத்து வைத்துவிட்டு இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று தேடுவோம், பெரும்பாலும் கிடைக்காது, ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் மீதிப் பேச்சு முழுவதும். ஏழு எபிசோடு முடிந்துவிட்டது. இதுபோல ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்கள் கேட்டதால், நாங்கள் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு ஆடியோ ஃபைலைத் திறந்து வெட்டி ஒட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆறாவது படியை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள், எனக்கு இரண்டு எபிசோடு கெட்டது அங்கேதான்.

படி 1: கையில் எடுக்கக்கூடிய பொருள் ஒன்று வேண்டும்

'இருமை', 'எல்லை' என்று தலைப்பு வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு வறண்டுவிடும். எங்கள் முதல் எபிசோடு கொய்யாவில் தொடங்கியது. அல்சூர் மார்க்கெட்டில் ஒரு கூறு வாங்கி, மேஜையில் பச்சையிலிருந்து மஞ்சள் வரை வரிசையாக வைத்தோம். இந்தக் கோடி காய், அந்தக் கோடி பழம், சந்தேகமே இல்லை. நடுவில் இருந்ததை மாமா கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார், விரல் லேசாகப் பதிந்தது, காம்புப் பக்கம் மட்டும் இன்னும் கல் மாதிரி இருந்தது. "இது செங்காய்" என்றார்.

செங்காய் என்ற சொல் இருக்கிறதே, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இப்போது காய்க்கும் செங்காய்க்கும் நடுவில் ஒரு கோடு வேண்டும், செங்காய்க்கும் பழத்துக்கும் நடுவில் இன்னொன்று வேண்டும். கிடைக்காமல் இருந்த ஒரு கோடு இரண்டாகிவிட்டது. நடுவில் பெயர் வைக்க வைக்கக் கோடுகள் பெருகிக்கொண்டே போகும். மிலேடஸ் ஊர்க் கிரேக்கத் தத்துவர் யூபுலிடீஸ் பெயரில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லப்படும் தானியக் குவியல் புதிர் இதேதான்: குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் அது குவியல்தான், இன்னொன்றை எடுத்தாலும் குவியல்தான், அப்படியானால் எந்த மணியில் அது குவியல் என்ற பெயரை இழக்கிறது? புதிரை முதலில் சொல்லிவிட்டுக் கொய்யாவுக்கு வந்திருந்தால் கேட்பவர்களுக்கு அது பாடமாகத்தான் இருந்திருக்கும். கொய்யாவிலிருந்து போனதால் அவர்களே அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள்.

உங்கள் ஊரில் தேடுங்கள், கிடைக்கும். 'சொந்த ஊர், வந்த ஊர்' எபிசோடுக்கு நாங்கள் எடுத்தது அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை. 1991இல் நிறுவப்பட்டு, 18 வருடம் மூடியே இருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறந்தார்கள். இந்த ஒரு விஷயமே ஒரு மணி நேரப் பேச்சுக்குப் போதும்.

படி 2: எந்த வகை எதிர் என்று முதலில் பிரியுங்கள்

எதிர்ச்சொல் எல்லாம் ஒரே வகை கிடையாது, இதைப் பிரிக்காமல் பேசினால் இருவரும் வேறு வேறு விஷயத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். அரிஸ்டாட்டில் நான்கு வகை சொல்கிறார். ஒன்றை வைத்துத்தான் இன்னொன்று (இருமடங்கு, பாதி). ஒரே அளவுகோலின் இரு முனை (நல்லது, கெட்டது). இருக்க வேண்டியது இல்லாமல் போவது (பார்வை, பார்வையின்மை). ஆம், இல்லை (உட்கார்ந்திருக்கிறான், உட்கார்ந்திருக்கவில்லை). நடுப்பகுதி என்று ஒன்று பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் வரும். நான்காவதில் நடுவே இடமே கிடையாது என்பது அரிஸ்டாட்டில் கட்சி. அங்கேயும் இடம் உண்டு, அதுவும் நான்கு மூலை உண்டு (உண்டு, இல்லை, இரண்டும், இரண்டுமல்ல) என்று வைத்துக்கொண்டு அந்த நான்கிலும் நிற்க விடாமல் அடிப்பவர் பௌத்தத் தத்துவர் நாகார்ஜுனர். இந்த இருவரையும் ஒரே எபிசோடில் சேர்க்காதீர்கள், அது தனிக் கதை.

நடைமுறையில் நாங்கள் செய்யும் சோதனை இன்னும் எளிது. ஜோடியில் ஒன்றை எடுத்து 'இல்லை' போடுங்கள், அது மற்றதாக ஆகிறதா பாருங்கள். மாமா இதைக் காபி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். "ஏம்ப்பா, காபி சூடா இல்லேன்னா ஜில்லுனு இருக்குன்னு அர்த்தமா?" ஆறிப்போன காபி சூடாகவும் இல்லை, ஜில்லென்றும் இல்லை. ஆக, சூட்டுக்குக் குளிர் ஒரு எதிர், 'சூடாக இல்லாதது' வேறொரு எதிர். வாக்குவாதத்தில் ஒருவர் முதல் எதிரைச் சொல்லும்போது இன்னொருவர் இரண்டாவதைக் காதில் வாங்கிக்கொள்கிறார். "நீ இதை ஆதரிக்கலைன்னா எதிர்க்கிறேன்னுதானே அர்த்தம்" என்று எத்தனை பேர் வீட்டில் கேட்டிருக்கிறோம்!

இங்கே தமிழில் ஒரு வசதி இருக்கிறது, பேச்சில் அதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். 'காபி இல்லை' என்றால் காபியே கிடையாது. 'இது காபி அல்ல' என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் அது காபியில்லாத வேறொன்று. எழுத்தில் பிரிக்கிறோம், பேச்சில் இரண்டுக்கும் 'இல்ல'தான். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா ஒருநாள் போனில் "அது நானல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார், தமிழ்தான் பேசுகிறார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கன்னடத்தில் இல்ல, அல்ல இரண்டும் இன்றைக்கும் நாக்கில் தனித்தனியாக இருக்கின்றன. நான் அதே வாக்கியத்தை 'அது நான் இல்ல' என்றுதான் சொல்லியிருப்பேன். மைக் முன்னால் மட்டுமாவது 'அல்ல'வைத் திரும்பக் கொண்டுவாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

படி 3: எழுதி வைத்துப் படிக்க வேண்டாம்

நான்கு கேள்வி ஒரு தாளில், அவ்வளவு போதும். தத்துவ ஆசிரியர் எபிசோடுக்கு ஒருவர்தான், அதுவும் பாதிப் பேச்சு போன பிறகு. எங்கள் முதல் ஒத்திகையில் நான்கு பேரை உள்ளே விட்டோம், 52 நிமிடம் ஓடியது, நாங்களே திரும்பக் கேட்க முடியவில்லை. இப்போது 'நல்லது, கெட்டது' என்றால் பழைய கிரேக்கத் தத்துவர் ஹெராக்ளிடஸ் மட்டும்: கடல் நீர் மீனுக்கு உயிர், மனிதனுக்குக் கேடு என்கிறாரே, அந்த ஒரு வரி.

வெளியிலேயே தேட வேண்டும் என்பதும் இல்லை. தொல்காப்பியம் ஐந்திணையை வகுத்து வைத்துவிட்டு, திணை மயங்குவதற்கும் இடம் தருகிறது. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்துதான் பாலை என்ற வடிவத்தை அடைகின்றன. நிலத்துக்கு எல்லை போட்ட மரபே, எல்லை கலங்கும் இடத்துக்கும் பெயர் வைத்திருக்கிறது. எனக்கு இந்த பாட்காஸ்டைத் தொடங்கும் துணிச்சல் வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

படி 4: மைக்

டைனமிக் மைக் வாங்குங்கள். கண்டென்சர் மைக்கின் சத்தம் அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தெருவில் போகும் தள்ளுவண்டியையும் சேர்த்து அழகாகப் பதிவு செய்யும். நான் வைத்திருப்பது சாம்சன் கியூ2யூ, யூஎஸ்பியில் நேராகச் சொருகலாம். இரண்டு பேர் என்றால் இரண்டு மைக், ஒன்றை நடுவில் வைத்துப் பகிராதீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி, கொஞ்சம் பக்கவாட்டில்.

படி 5: பதிவு

ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணைத்துவிடுங்கள் (ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமல் இருக்க வண்டிச் சாவியை அதற்குள் வைப்பேன்). அறையில் மெத்தை, போர்வை, துணி அடுக்கிய அலமாரி எது இருந்தாலும் நல்லது. குக்கர் விசில், மேம்பாலத்தில் போகும் மெட்ரோ இவை வந்தால் பேச்சை நிறுத்தி, போன பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். தொடங்கும் முன் பத்து நொடி இருவரும் சும்மா இருந்து அறையின் வெறும் ஓசையைப் பதிந்துகொள்ளுங்கள், அடுத்த படிக்கு அது தேவை.

படி 6: இரைச்சலை எடுப்பது

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி போதும். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். வேறு நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன, முதல் பத்து எபிசோடுக்கு அவை தேவையில்லை என்பது என் கருத்து.

பின்னணி இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டியில் இரண்டு வழி. 'நாய்ஸ் ரிடக்‌ஷன்', அந்தப் பத்து நொடி வெறும் ஓசையை மாதிரியாகக் கொடுத்தால் அதைப் போன்றதைக் குறைக்கும். 'நாய்ஸ் கேட்', ஓர் அளவைக் குறித்துக் கொடுத்தால் அதற்குக் கீழே உள்ள சத்தத்தை எல்லாம் மௌனம் என்று எண்ணிக் கதவைச் சாத்திவிடும். நான் இரண்டாவதைப் போட்டேன். இரைச்சல் சுத்தமாகப் போனது, சந்தோஷமாக வெளியிட்டேன். மூன்றாம் நாள் மாமா ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டு, "கருப்புன்னு நான் சொன்னது கருப்-ன்னு நிக்குதேப்பா" என்றார்.

போய்ப் பார்த்தேன். 'கருப்பு' அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் இப்படி இருக்கும்: 'கரு' ஒரு தடித்த முடிச்சு. அதன் பிறகு 'ப்ப்'புக்கு உதடு மூடியிருக்கும் நேரம் முழுக்கத் தட்டையான கோடு, உண்மையிலேயே சத்தம் இல்லை. அதன் பின் ஒரு சின்ன வெடிப்பு, அதை ஒட்டி எறும்பு வரிசை மாதிரி மெல்லிய 'உ'. உதடு மூடிய அந்தக் கணத்தில் கேட், பேச்சு முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டது. பிறகு வந்த 'உ' அதைத் திறக்கும் அளவுக்கு உரத்து இல்லை.

அந்த 'உ'தான் பள்ளியில் படித்த குற்றியலுகரம். உகரத்துக்கு ஒரு மாத்திரை, இதற்கு அரை மாத்திரைதான். மாத்திரை என்பதே ஒரு கண்ணிமை நேரம், அதிலும் பாதி. மெய் என்றும் சொல்ல முடியாது, முழு உயிர் என்றும் சொல்ல முடியாது. எல்லைகள் கலங்கும் இடத்தைப் பற்றி நாங்கள் பேசியதை அந்த எபிசோடின் ஒலியிலிருந்து நானே வெட்டி எறிந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது உண்மையில் மனசு வலித்தது. இரண்டு எபிசோடையும் மூல ஃபைலிலிருந்து திரும்பச் செய்தேன். மூல ஃபைலை அழிக்காதீர்கள்.

இப்போது நான் வைக்கும் அளவுகள்: கேட் த்ரெஷோல்டு, அதாவது கதவு சாத்தும் அளவு, -50 டெசிபல் (-40இல் இருந்தால் தமிழுக்கு அது அதிகம்). லெவல் ரிடக்‌ஷன் -10, அதாவது கதவு முழுக்கச் சாத்தாது, ஒருக்களித்து நிற்கும். ஹோல்டு 250 மில்லிசெகண்டு, இதுதான் முக்கியம், உதடு மூடித் திறக்கும் வரை கேட் காத்திருக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுவதானால் 12 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள், போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். அறை ஓரளவு அமைதியாக இருந்தால் கேட்டே வேண்டாம், லேசான இரைச்சலோடு விடுங்கள்.

படி 7: முடித்து வெளியிடுவது

லவுட்னஸ் நார்மலைசேஷனில் (மொத்த ஒலி உரத்தைச் சீராக்கும் வசதி) -16 எல்யூஎஃப்எஸ் (அந்த உரத்தின் அலகு), எம்பி3, மோனோ. அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். ஸ்பாட்டிஃபையின் பாட்காஸ்ட் தளத்தில் (முன்பு ஆங்கர் என்று இருந்ததுதான்) இலவசமாக ஏற்றலாம், அங்கே கிடைக்கும் ஆர்எஸ்எஸ் முகவரியை (எபிசோடுகளை மற்ற செயலிகள் எடுத்துக்கொள்ளும் இணைப்பு) மற்ற பாட்காஸ்ட் தளங்களில் கொடுத்தால் போதும். எபிசோடு பெயரைத் தமிழ் எழுத்திலேயே வையுங்கள்.

பின்சேர்க்கை 1: 'ட்ரங்கேட் சைலன்ஸ்' போட்டதும் பேச்சு மூச்சுத் திணறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது இடைவெளிகளைத் தானாகச் சுருக்கும் வசதி. செய்தி வாசிப்புக்குச் சரி, ஒருவர் கேள்வி கேட்டு இன்னொருவர் யோசிக்கும் பேச்சுக்கு வேண்டாம். மாமா ஒரு கேள்விக்கு ஆறு நொடி யோசித்தார், அதை அப்படியே விட்டிருக்கிறேன். இருமல், நாற்காலி நகரும் சத்தம் இவற்றைக் கையால் வெட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: போனில் பதிந்த இரண்டு பேர், கேட் போடாமலேயே சொல்லின் கடைசி அறுபடுகிறது என்றார்கள். சில போன்களும், வீடியோ கால் செயலிகளும் தாங்களாகவே இரைச்சலை நீக்கிவிட்டுத்தான் பதிகின்றன. செட்டிங்கில் அப்படி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள், அணைக்க வழியில்லை என்றால் வேறு ரெக்கார்டர் செயலி போடுங்கள். சோதிக்க நான் இலக்கணப் புத்தகத்தின் ஆறு வகைக் குற்றியலுகரத்தையே எடுத்துக்கொள்கிறேன்: நாடு, எஃகு, வரகு, பாக்கு, பந்து, மார்பு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மூச்சு விட்டு, சாதாரணக் குரலில் சொல்லிப் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். கடைசியாக 'பசு' என்றும் சொல்லுங்கள், அதன் உகரம் முழு மாத்திரை, ஒப்பிட உதவும். 'பசு' முழுதாகக் கேட்டு 'பாக்கு' மட்டும் 'பாக்' என்று நின்றால் அந்தக் கருவியில் எபிசோடைப் பதியாதீர்கள்.