கனவுக் கூடுகையில் கூட்டுச் சடங்குகள்: முதல்முறை நடத்துபவர்களுக்கு

கனவுகளைப் பற்றிப் பேச இரண்டு மூன்று நாள் ஒன்றாகத் தங்கும் கூடுகையில், உரைகள் பெரும்பாலும் மறந்துபோகும். காலையில் வட்டமாக உட்கார்ந்து கேட்ட யாரோ ஒருவரின் கனவு மட்டும் பல வருடம் கழித்தும் நினைவில் நிற்கும். 1983இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கனவு ஆய்வுச் சங்கத்தின் ஆண்டு மாநாடுகளில் இப்படி மூன்று நிகழ்வுகள் வழக்கமாகிவிட்டன: காலைக் கனவு வட்டம், டெலிபதி (ஒருவர் மனதில் நினைப்பது சொல்லாமலே இன்னொருவர் மனதுக்குப் போவது) போட்டி, கடைசி இரவில் கனவு வேடம். சிறிய கூடுகையிலும் இந்த மூன்றையும் நடத்தலாம்.

முதலில் நேர அட்டவணை

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். கனவுகள் செறிந்து வரும் ரெம் உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்துபோகிறது. விடியலை நெருங்க நெருங்க அதன் நேரம் நீள்கிறது. ஆகவே நள்ளிரவு வரை நிகழ்ச்சி வைத்துவிட்டு, அதிகாலையில் எல்லோரையும் எழுப்பினால், கூடுகைக்கு வேண்டிய கனவுகளை நாமே வெட்டிவிடுகிறோம். இரவு நிகழ்ச்சியைச் சீக்கிரம் முடியுங்கள். தலையணைப் பக்கத்தில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விழித்ததும் புரளாமல், கண் திறக்காமல், கடைசிக் காட்சியைப் பிடித்து அங்கிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். கிடைத்ததை "ஓடுகிறேன், கதவு பூட்டியிருக்கிறது" என்று நிகழ்காலத்திலேயே எழுதினால், கனவின் உணர்வும் கூடவே வரும்.

காலைக் கனவு வட்டம்

ஒரு வட்டத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு கனவு. ஒரு கனவு போதுமா என்று தயங்காதீர்கள், அதற்கே நேரம் பற்றாது. நான் பின்பற்றுவது மனநல மருத்துவர் மாண்டேக் உல்மன் உருவாக்கிய முறையை ஒட்டியது.

1. விருப்பமுள்ளவர் தன் கனவைச் சொல்கிறார். யாரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம், யாராவது முன்வரும்வரை காத்திருங்கள்.

2. மற்றவர்கள் தெளிவுக்காக மட்டும் கேட்கலாம். "அந்த அறையில் வெளிச்சம் இருந்ததா?" சரி. "உங்களுக்கு அப்பா மேல் கோபமா?" கூடாது.

3. இனி அந்தக் கனவு எல்லோருடையதும் ஆகிறது. "இது என் கனவாக இருந்தால்..." என்று தொடங்கி, முதலில் எழும் உணர்வுகளையும் பிறகு ஒவ்வொரு காட்சியும் தனக்கு எதைக் குறிக்கிறது என்பதையும் சொல்கிறார்கள். கனவு கண்டவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்.

4. கனவு அவரிடமே திரும்புகிறது. எது மனதைத் தொட்டது, எது பொருந்தவில்லை என்று சொல்வது அவர் விருப்பம். எந்தக் கட்டத்திலும் "போதும்" என்று நிறுத்தும் உரிமையும் அவருக்கு உண்டு.

மூன்றாவது படியின் அந்தத் தொடக்கச் சொற்களை விட்டுக்கொடுக்காதீர்கள். நான் நடத்திய ஒரு வட்டத்தில், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த கனவை ஒரு பெண் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், "உங்கள் திருமண வாழ்க்கையைத்தான் இது காட்டுகிறது" என்று சட்டென்று பலன் சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை. அந்தப் பெண் நோட்டை மூடினார், மறுநாள் வரவில்லை. "என் கனவாக இருந்தால், என் திருமணம் நினைவுக்கு வந்திருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லியிருந்தால் அது அவருடைய கதையாக இருந்திருக்கும், அந்தப் பெண் எடுத்துக்கொள்ளலாம், விடலாம். கனவுக்கு என்ன பொருள் என்பதில் கடைசிச் சொல் கண்டவருடையது. வட்டத்தில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்றும் ஒவ்வொரு காலையும் உறுதி வாங்குங்கள்.

முப்பது பேர் வந்துவிட்டால் வேறு வழி இருக்கிறது. 1982இல், மனித உறவுகளை ஆராயும் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தில் கார்டன் லாரன்ஸ் தொடங்கிய 'சமூகக் கனவு' முறையில், நாற்காலிகளைப் பனித்துகள் வடிவில் கிளைகிளையாகப் போடுவார்கள். யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்காததால் கனவைக் கண்டவர் யார் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது, ஒரு கனவு அடுத்த கனவைக் கூப்பிடுகிறது.

டெலிபதி போட்டி

இதன் வேர் 1960களில் புரூக்ளினின் மைமோனிடிஸ் மருத்துவமனையில் உல்மனும் உளவியலாளர் ஸ்டான்லி கிரிப்னரும் நடத்திய சோதனைகளில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு படங்களை ஒளி ஊடுருவாத தனித்தனி உறைகளில் போட்டு ஒட்டிவிடுங்கள். 'அனுப்புநர்' ஒருவர் ஓர் உறையைக் குருட்டாம்போக்கில் எடுத்து, தன் அறையில் தனியாகப் பிரித்து, இரவில் அந்தப் படத்தையே மனதில் நிறுத்துகிறார். மற்றவர்கள் வழக்கம்போல் தூங்கிக் கனவை எழுதுகிறார்கள். காலையில் நான்கு படங்களும் சுவரில் இருக்கும், தன் கனவுக்கு நெருக்கமான படத்தின் பெட்டியில் அவரவர் தாளைப் போடுவார்கள். சுவரில் ஒட்ட வேறு பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள், இரவெல்லாம் அனுப்புநர் கையில் இருந்த படம் கசங்கியே காட்டிக்கொடுத்துவிடும்.

இதை நிரூபணமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது பேர் கலந்துகொண்டால், தற்செயலாகவே ஏறக்குறைய பத்துப் பேர் சரியான பெட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். மைமோனிடிஸ் முடிவுகளையும் பிற ஆய்வாளர்கள் மறுசோதனை செய்தபோது உறுதியாக மீண்டும் பெற முடியவில்லை. ஆனாலும் ஒரே படத்தை நினைத்து ஒரு கூட்டமே உறங்கப் போகும் அந்த இரவு எனக்கு மிகப் பிடிக்கும்.

கனவு வேடம்

கடைசி இரவு, கனவில் கண்ட ஒருவராகவோ ஒன்றாகவோ வேடமிட்டு வர வேண்டும். துணியும் அட்டையும் போதும். வரிசையாக நடந்து வந்து, ஒவ்வொருவரும் மூன்று நான்கு வரியில் அந்தக் கனவைச் சொல்லட்டும். "நான் பூட்டிய கதவு" என்று அந்த உருவமே பேசினால் இன்னும் நன்று. தன்னைத் துரத்திய உருவமாகவே வர விரும்புபவரிடம் முன்கூட்டியே பேசி, பக்கத்தில் ஒரு நண்பர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேடமிட மனமில்லாதவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அனுமதி கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

மறுநாள் காலை எல்லோரும் ஊர் திரும்பும் அவசரத்தில் இருப்பார்கள். இருந்தாலும் வட்டம் கூடிய அறையை அரை மணி நேரம் திறந்து வையுங்கள். வேடமிட்ட இரவில் வந்த கனவைச் சொல்ல யாராவது வருவார்கள்.