டியூப் லைட் பட்டியில் எல்இடி டியூப்: வயரிங்கைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்

பழைய டியூபைக் கழற்றிவிட்டு எல்இடி டியூபைச் சொருகினால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீளம் அதேதான், பின்களின் இடைவெளியும் அதேதான், அதனால் சிக்கல் இல்லாமல் பொருந்திவிடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய பட்டிக்குள் சோக்கும் (டியூபுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது) ஸ்டார்ட்டரும் (டியூபை எரியத் தொடங்கவைப்பது) இருக்கும், அல்லது எலக்ட்ரானிக் சோக்கு இருக்கும். எல்இடி டியூபிலோ பல ரகம். சில, சோக்கு இருக்கும்போதே எரியும். சிலவற்றுக்குச் சோக்கை நீக்கி நேராக மெயின் மின்சாரம் கொடுக்கவேண்டும். அதிலும் சிலவற்றில் பேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) இரண்டும் ஒரே முனையில். சிலவற்றில் முனைக்கு ஒன்று. எனவே வாங்குவதற்கு முன்பே பட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். டியூபோடு வரும் வயரிங் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரே முனையில் மின்சாரம் வாங்கும் டியூபை மாட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். அதன் மறுமுனையின் இரண்டு பின்களும் பெரும்பாலும் உள்ளேயே இணைந்திருக்கும். திருப்பி மாட்டினால் பேஸும் நியூட்ரலும் நேரடியாகச் சேர்ந்து ஷார்ட் சர்க்யூட் ஆகும். டியூபின் பின்கள் பொருந்தும் ஹோல்டரையும் சோதிக்கவேண்டும். சில பழைய பட்டிகளில் ஹோல்டரின் இரு தொடர்புகளும் உள்ளுக்குள்ளேயே ஒன்றாக இருக்கும். அதில் பேஸையும் நியூட்ரலையும் கொடுத்தாலும் அதே கதிதான். வயரைக் கழற்றியபின் மல்ட்டிமீட்டரால் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள். வெயிலிலும் சூட்டிலும் நொறுங்கத் தயாராக இருக்கும் பழைய ஹோல்டரை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

ஸ்டார்ட்டர் உள்ள பட்டியில் சோக்கோடு வேலை செய்யும் டியூப் என்றால், பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, கூடவே கொடுத்திருக்கும் எல்இடி ஸ்டார்ட்டரைப் போடவேண்டும். இது சுலபம்தான். ஆனால் சோக்கும் தன் பங்குக்கு மின்சாரம் தின்னும், அது பழுதானால் விளக்கும் அணையும். அதனால் சோக்கை எடுத்துவிடும் வழியையே நான் பரிந்துரைப்பேன், வயரிங் தெரிந்தவர் கையால்.

இன்னொன்றை யாருமே செய்வதில்லை: வயரிங்கை மாற்றிய பட்டியின் மேல் ‘எல்இடி டியூப் மட்டும்’ என்று எழுதி ஒட்டுவது. எந்த முனையில் மின்சாரம் வருகிறது என்பதையும் எழுதுங்கள். சில வருடம் கழித்து வேறொருவர் பழைய வகை டியூபை அங்கே மாட்டினால் அது வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு.

ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். பழைய வயரிங்கில் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கலாம். அப்படியானால் அணைத்தபின்னும் பட்டியில் பேஸ் இருக்கும். மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்தபிறகு கைவையுங்கள்.

வெளிச்சத்தை வாட் கணக்கில் ஒப்பிடுவதும் தவறு. வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமனைப் பாருங்கள். பழைய டியூப் சுற்றிலும் வெளிச்சம் தரும், எல்இடி பெரும்பாலும் கீழ்நோக்கியே தரும். கூரைப் பக்கம் இருட்டாகத் தெரிவது அதனால்தான்.

அப்புறம், கழற்றிய டியூபில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் அட்டையில் சுற்றி மின்கழிவு சேகரிப்பிடத்தில் கொடுங்கள். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்து சற்று நேரம் வெளியேறுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் துண்டுகளை அட்டையால் அள்ளுங்கள்.