குடல் ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டில் நடக்கும் தவறுகள்

"சிகரெட், பீடி பழக்கம் உண்டா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். "கிடையவே கிடையாதுங்க" என்றார் பெரியப்பா. பொய் இல்லை. ஆனால் வேட்டி மடிப்பில் இருந்த பொட்டலத்தில் கும்பகோணம் வெற்றிலையும் சீவலும் கூடவே புகையிலையும் இருந்தன. அதை டாக்டர் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை, பக்கத்திலேயே நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. நிகோடின் எந்த வழியாக உடம்புக்குள் போனாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும். குடலை வெட்டி இணைத்த இடம் ஆற வேண்டுமானால் அங்கே ரத்தம் நன்றாக ஓட வேண்டும். புகை, புகையிலை, சாராயம் எல்லாவற்றையும் நான்கு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது என்று எங்களுக்குத் தெரிந்தபோது பத்து நாள்தான் பாக்கி இருந்தது.

குடல் ஆபரேஷனைச் சர்ஜன் ஒருவரின் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். மயக்க மருந்து டாக்டர், சர்க்கரைக்கோ இதயத்துக்கோ பார்க்கும் டாக்டர், டயட்டீஷியன், பிசியோதெரபிஸ்ட், ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் வைக்கும் வாய்) பார்க்கும் நர்ஸ், வார்டு சிஸ்டர் என்று ஒரு குழுவே நோயாளியைத் தயார் செய்கிறது. 1990களில் டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட், இவர்கள் வேலையையெல்லாம் ஒன்றாகக் கோத்துச் செய்தால் குடல் ஆபரேஷன் ஆனவர்கள் இரண்டு மூன்று நாளிலேயே வீடு திரும்ப முடியும் என்று செய்து காட்டினார். ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் கேள்வியைத்தான் கேட்பார்கள், நாமோ ஒருத்தரிடம் சொன்னது எல்லோருக்கும் போய்விடும் என்று இருந்துவிடுகிறோம். போகாது. ஒரு நோட்டுப் போடுங்கள், அதை ஒரே ஆள் எழுதட்டும், எந்த அறைக்குப் போனாலும் திறந்து காட்டட்டும். முதல் நாள் மகன், அடுத்த முறை மருமகள் என்று துணைக்கு வரும் ஆள் மாறினால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

அந்த நோட்டில் முதலில் எழுத வேண்டியது மாத்திரைகள். பெயரைச் சொல்லத் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், ஆனால் இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழல் வைத்தவர் தானாக நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளலாம். ஆகவே இதய டாக்டரையும் சர்ஜனையும் கேட்காமல் கை வைக்காதீர்கள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்; பட்டினியோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். லேகியம், சூரணம் என்று நாட்டு மருந்து சாப்பிட்டால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் சாப்பாடு. ஆபரேஷன் தேதி குறித்த அன்றிலிருந்தே "வயிறு லேசா இருக்கட்டும்" என்று வெறும் கஞ்சியும் ரசமும் கொடுப்பார்கள். மூன்று வாரம் அப்படி இருந்தால் உடம்பில் இருக்கும் சதையும் கரைந்து போகும். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று சொல்வார்கள், அதாவது 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் இருக்கிறது, தயிர் இருக்கிறது, சம்பா அறுப்புக்கு முன்னால் தெளித்து எடுக்கும் உளுந்தும் பயறும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. ஆனால் கட்டியால் குடல் சுருங்கியிருந்தால் தோலோடு பயறு ஆகாது, அதை டயட்டீஷியனிடம் கேட்டுவிடுங்கள். ரத்த சோகையையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், இரும்பு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும்.

கட்டிலில் படுக்க வைத்து ரெஸ்ட் கொடுப்பதும் தவறுதான். தினம் அரை மணி நேரம் ஆற்றங்கரையில் நடக்கட்டும். மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியைக் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், அப்போதுதான் பந்து மேலே ஏறும்.

எனக்கு இன்றும் மனசு வலிப்பது ஒரு விஷயத்தில். வயிற்றில் ஸ்டோமா வைத்து, மலம் சேர அதன்மேல் பை ஒட்ட வேண்டியிருக்கலாம் என்று சர்ஜன் சொன்னதைப் பெரியப்பாவிடம் மறைத்தோம். பயந்துவிடுவார் என்ற அக்கறைதான். ஸ்டோமா சிஸ்டர்தான் எங்களை வெளியே அழைத்து, கண் விழித்த பிறகு வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். அவரே உள்ளே போய்ச் சொன்னார். பிறகு பெரியப்பாவை வழக்கம்போல வேட்டி கட்டச் சொல்லி, மடித்துக் கட்டச் சொல்லி, சம்மணம் போட்டு உட்காரவும் களை பறிக்கிற மாதிரி குனியவும் சொல்லி, எங்கே மடிப்பு விழுகிறது என்று பார்த்து, தொப்புளுக்கும் வேட்டி முடிச்சுக்கும் தள்ளி, அவர் கண்ணுக்கே தெரிகிற இடத்தில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தார். பை மடிப்பில் விழுந்தால் ஒட்டாமல் கசியும், தோல் புண்ணாகும். அவ்வளவு பார்த்து வைத்த புள்ளியைப் பெரியப்பா மறுநாளே குடமுருட்டி ஆற்றில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து அழித்துவிட்டார். திரும்பவும் தஞ்சாவூர் போய் வைத்துக்கொண்டு வந்தோம். புள்ளியின் மேல் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

முந்தின நாள் குடிக்கும் பேதிப் பவுடர் எல்லோருக்கும் கிடையாது. கொடுத்தால், சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று குடிக்க வேண்டும். வயிறு உப்பி வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள். அதைக் குடித்துவிட்டு ஊரிலிருந்து பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவஸ்தை. ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

பட்டினி விஷயத்திலும் "ராத்திரியோடு பச்சைத் தண்ணி கூடாது" என்ற பழைய பழக்கம் போகவில்லை. பொதுவாக மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வரை லேசான உணவு, இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த தண்ணீர் குடிக்கலாம் என்பதே இன்றைய முறை. குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும் சிலருக்கும் இது மாறும், உங்கள் நேரத்தை மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டிகிரி காபி தெளிந்த தண்ணீரில் சேராது, பால் விட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு. பெரியப்பா விடிகாலையில் அரை டம்ளர் குடித்துவிட்டார் என்று தெரிந்து அவருடைய ஆபரேஷனை மத்தியானத்துக்குத் தள்ளினார்கள். வாங்கிக் கொடுத்தது நான்தான்.